துளை எங்கே இருக்கிறது? காயப் பதிவேடுகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

காயப் பதிவேடுகளின் படிவங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவசர சிகிச்சைப் பிரிவுகளையும் பிணவறைகளையும் நடத்தும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

"வலது தொடை, துப்பாக்கிக் காயம்." குண்டடிபட்ட ஒருவரின் உடலைப் பற்றிப் பதிவேட்டில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் இவ்வளவுதான். தொடையின் முன்புறமா பின்புறமா, உட்புறமா வெளிப்புறமா, கவட்டை மடிப்பை ஒட்டியா முழங்காலுக்குச் சற்று மேலேயா, துளை ஒன்றா இரண்டா, குண்டு உள்ளே தங்கிவிட்டதா, எதுவும் தெரியாது. உட்புறம் மேலே பட்டுத் தொடைத் தமனி கிழிந்திருந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். வெளிப்புறச் சதையை மட்டும் துளைத்துப் போயிருந்தால், நாடித்துடிப்பைச் சோதித்து, காயத்தைக் கழுவிக் கட்டி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம், ஒரே டிக் குறி.

குண்டடிபட்டவர்களுக்குச் சிகிச்சை செய்வதும், இறந்தவர்களின் உடலைக் கூறாய்வு செய்வதும் எங்கள் அன்றாட வேலை. உங்களிடம் நாங்கள் கேட்பவை இரண்டு. காயம் உடலில் எங்கே இருக்கிறது என்று அளந்து எழுத வைக்கும் படிவம் வேண்டும். பிழைத்தவருக்கும் இறந்தவருக்கும் அதே படிவமாக இருக்க வேண்டும்.

இரண்டாவதை முதலில் சொல்கிறோம், கணக்குகள் தடம் மாறிப் போவது அங்கேதான். மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்கிறவர்களை மட்டும் எண்ணினால் கை கால் காயங்களே மிகுதியாக இருக்கும். பிணவறையில் எண்ணினால் தலையும் மார்பும் முன்னால் வந்து நிற்கும். இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றை மட்டும் பார்க்கிறவர் தவறான முடிவுக்குத்தான் வருவார். இரண்டாம் உலகப் போரில், எதிரியின் குண்டுகள் துளைத்தும் தளத்துக்குத் திரும்பிய விமானங்களை வைத்துக்கொண்டு, திரும்பாத விமானங்களுக்கு எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிடும் முறையைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவிலிருந்த ஆப்ரகாம் வால்ட் 1943இல் வகுத்தார். திரும்பி வந்த விமானத்தில் துளை குறைவாகத் தென்படும் இடம், அடிபட்டால் விமானம் திரும்பாத இடம். அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேடு அந்தத் திரும்பி வந்த விமானங்களின் பட்டியல் போன்றது. அதில் கழுத்துக் காயங்கள் குறைவாக இருக்கின்றன என்பதற்காகக் கழுத்துக் காயத்துக்கான பயிற்சியைக் குறைத்துவிட்டால், வழியிலேயே இறந்தவர்களை நாம் எண்ணவே இல்லை என்றுதான் பொருள்.

போர்க்களக் கணக்குகளில் இது கண்கூடாகத் தெரிகிறது. 2001 முதல் 2005 தொடக்கம் வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமடைந்த அமெரிக்கப் படையினரின் காயங்களில் 54 விழுக்காடு கை கால்களில் இருந்தன. தலை, முகம், கழுத்தில் ஏறத்தாழ 30, வயிற்றில் 11, மார்பில் 6 விழுக்காடுதான். (துப்பாக்கிக் குண்டைவிட வெடிப்புச் சிதறல்களால் ஏற்பட்டவையே அவற்றில் அதிகம். மார்புக் காயம் இத்தனை குறைந்ததற்குக் கவச உடையும் ஒரு காரணம்.) இதே போர்களில் 2001 முதல் 2011 வரை இறந்த 4,596 பேரின் கணக்கைப் பாருங்கள். அவர்களில் 87 விழுக்காட்டினர் மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்தவர்கள். அப்படி இறந்தவர்களில் காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்குள் பத்தில் ஒன்பது பேர் இறந்தது குருதிப் பெருக்கால். அந்தக் குருதி போன இடங்களை வகை பிரித்தபோது உடற்பகுதியில் 67 விழுக்காடு, கை கால்கள் உடலோடு சேரும் சந்திகளில் 19 விழுக்காடு, கை கால்களில் 13.5 விழுக்காடு. காயங்களில் பாதிக்கு மேல் இருந்த கை கால்கள், சாவுக் கணக்கில் கடைசிக்குப் போய்விட்டன. இறந்தவர்களின் ஏடும் பிழைத்தவர்களின் ஏடும் ஒன்றாக வைத்துப் படிக்கப்பட்டதால்தான், கவட்டையிலும் அக்குளிலும் கழுத்தடியிலும் போகும் குருதியை நிறுத்துவது தனிப் பயிற்சிக்குரிய ஒன்று என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

அந்தச் சந்திகள்தான் இன்றைய படிவங்களில் காணாமல் போகின்றன. காலில் பெருக்கெடுக்கும் குருதியை டூர்னிகெட் பட்டையால் நிறுத்தலாம். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல் கட்டி, குருதி நின்று பட்டைக்குக் கீழே நாடித்துடிப்பு மறையும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கவட்டை மடிப்பில் துளை இருந்தால் பட்டையைக் கட்ட மேலே இடமே இல்லை. அங்கே துணிச் சல்லாவைக் காயத்தின் ஆழம்வரை விரலால் திணித்து, குருதி வரும் புள்ளியைத் தேடிப் பிடித்து, உடல் எடை முழுவதையும் கைகளில் இறக்கி அழுத்த வேண்டும். குருதியை உறைய வைக்கும் மருந்திட்ட சல்லாவாக இருந்தாலும் குறைந்தது மூன்று நிமிடம் கையை எடுக்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய கட்டி பிய்ந்து மறுபடியும் பெருக்கெடுக்கும். மார்புக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ போகும் துளையில் இப்படித் திணிக்கவே கூடாது. இவ்வளவு வேறுபட்ட சிகிச்சைகள் கவட்டைக்கும் தொடைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே ஓர் உள்ளங்கை அகலத்தில் மாறுகின்றன. படிவமோ "கால்" அல்லது "வயிறு" என்று மட்டும் கேட்கிறது.

இந்தக் குறை பழையது. 1974இல் வந்த, இன்றும் உலகெங்கும் பயன்படும் காயத் தீவிர மதிப்பெண் உடலை ஆறு பகுதிகளாகப் பிரிக்கிறது: தலையும் கழுத்தும், முகம், மார்பு, வயிற்று உறுப்புகள், இடுப்பெலும்போடு சேர்த்துக் கை கால்கள், புறத்தோல். ஒவ்வொரு பகுதியிலும் மிகக் கடுமையான ஒரு காயத்தின் தீவிர எண்ணை மட்டும் எடுத்து, அவற்றில் மிக உயர்ந்த மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறது. வயிற்றில் மூன்று குண்டு பாய்ந்து குடல், கல்லீரல், பெருஞ்சிரை மூன்றும் கிழிந்தவருக்கும், அவற்றில் மிகக் கடுமையான ஒன்று மட்டும் உள்ளவருக்கும் ஒரே எண். மோட்டார் வாகன விபத்துகளில் மோதல் உடலெங்கும் பரவும், அங்கே இந்த முறை ஓரளவு ஒத்துவருகிறது. துப்பாக்கிக் காயம் ஓரிடத்தில் குவிகிறது. 1997இல் வந்த திருத்தப்பட்ட மதிப்பெண், எந்தப் பகுதியாக இருந்தாலும் மிகக் கடுமையான மூன்று காயங்களை எடுத்துக்கொண்டு இந்த ஓட்டையை ஒரு பக்கம் அடைத்தது. ஆனால் மதிப்பெண் எதுவாக இருந்தாலும், துளை எங்கே என்பதைத் தனியே எழுதாவிட்டால் பின்னால் யாராலும் மீட்டெடுக்க முடியாது.

உடலின் எல்லைக்கோடுகள் தோலில் ஓரிடத்திலும் உள்ளே வேறிடத்திலும் ஓடுகின்றன. இதைப் படிவத்தை வகுக்கிறவர்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விடும்போது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் முன்புறம் மார்புக்காம்பின் உயரம்வரை ஏறுகிறது. ஆகவே முன்னால் மார்புக்காம்புக் கோடு, பின்னால் தோள்பட்டை எலும்பின் கீழ்நுனி, இவற்றுக்குக் கீழே, விலாவின் விளிம்புக்கு மேலே உள்ள எந்தத் துளையும் மார்பாகவும் இருக்கலாம், வயிறாகவும் இருக்கலாம். இடப்பக்கம் என்றால் மண்ணீரலும் இரைப்பையும் உதரவிதானமும் ஒரே குண்டில் துளைபட்டிருக்கக்கூடும். உதரவிதானத்தின் சிறு கிழிசல் சி.டி. ஸ்கேனில்கூடத் தப்பிவிடும். பல மாதம் கழித்துக் குடல் அதன்வழியே மார்புக்குள் ஏறி நெரிபடும்போதுதான் தெரியவரும். "மார்பு" என்ற கட்டத்தில் டிக் போட்ட கை, வயிற்றைத் தேடச் சொல்லும் எச்சரிக்கையை அங்கேயே புதைத்துவிடுகிறது.

பிட்டமும் அப்படியே. பார்வைக்குச் சதைக்காயம். உள்ளே மலக்குடல், சிறுநீர்ப்பை, இடுப்பின் பெருநாளங்கள், இடுப்பு நரம்பு. பிட்டத்துத் துளையைப் பார்த்ததும் விரலிட்டு மலக்குடலில் குருதி இருக்கிறதா என்று சோதிப்பதும், சிறுநீரில் குருதி பார்ப்பதும், காலின் நாடியைத் தொடுவதும் கட்டாயம். கழுத்தை மூன்று மண்டலமாகப் பிரிப்பார்கள்: காறை எலும்பிலிருந்து குரல்வளையின் கீழ்வளையம்வரை, அங்கிருந்து தாடைக் கோணம்வரை, அதற்கு மேலே மண்டையோட்டின் அடிவரை. நடு மண்டலத்தில் கத்தி வைப்பது எளிது, கீழ் மண்டலத்தில் மார்பைத் திறக்க நேரலாம், மேல் மண்டலத்தை எட்டுவதே கடினம். "கழுத்து" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு அறுவைகள் இருக்கின்றன.

அடுத்தது எண்ணிக்கை. துளைகளின் எண்ணிக்கையையும் எக்ஸ்ரேயில் உள்ளே தெரியும் குண்டுகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் இரட்டைப்படை வர வேண்டும். இரண்டு துளை, குண்டு ஒன்றும் இல்லை: கணக்கு நேர். மூன்று துளை, ஒரு குண்டு: நேர். மூன்று துளை, குண்டு இல்லை என்றால் எங்கோ ஒரு துளையையோ ஒரு குண்டையோ தவறவிட்டிருக்கிறோம். எக்ஸ்ரே எடுக்கும் முன் ஒவ்வொரு துளையின் மேலும் படத்தில் தெரியும் சிறு குறி ஒன்றை ஒட்ட வேண்டும். காகிதக் கிளிப்பே போதும். முன்புறத் துளைக்கு ஒரு வடிவில் வளைத்தும் பின்புறத்துக்கு வேறு வடிவில் வளைத்தும் ஒட்டினால் படத்தில் குழப்பம் வராது.

துளைகள் ஒளிந்துகொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். தலைமுடிக்குள், அக்குளில், மார்பகத்தின் அடியில், பிட்டப் பிளவில், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையில், வாய்க்குள், காதின் பின்னால், கால்விரல் இடுக்கில். உடலை ஒரே கட்டையாகப் புரட்டி முதுகைப் பார்க்காமல் எண்ணிக்கையை முடிக்கக் கூடாது. நெஞ்சில் ஒரு துளையைப் பார்த்ததும் எல்லாக் கைகளும் அங்கேயே போய்விடுவதுதான் இதில் நேரும் பெரிய தவறு. முதுகில் இருக்கும் இரண்டாவது துளையை அரை மணி நேரம் கழித்துப் படுக்கை நனைந்த பின் பார்ப்பார்கள். கணக்கு ஒத்துவராததற்கு வேறு காரணங்களும் உண்டு: குண்டு துண்டாகியிருக்கும், உரசிச் சென்ற கீறலைத் துளையாக எண்ணியிருப்போம், பல ஆண்டுக்கு முந்தைய குண்டு உள்ளே கிடக்கும், மிக அரிதாக, குண்டு ஒரு நாளத்துக்குள் நுழைந்து குருதியோடு வேறிடத்துக்குப் போயிருக்கும். சிதறு ரவைக் காயங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. படிவத்தில் "துளைகள்", "உள்ளிருக்கும் குண்டுகள்", "கூட்டுத்தொகை" என்று மூன்று கட்டம் வைத்து, ஒற்றைப்படை வந்தால் காரணத்தை எழுத ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரியை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமே ஒருவரை இரண்டாம் முறை தேட வைக்கும்.

கையில் உள்ள துளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சுடப்படுபவர் முகத்தையோ மார்பையோ மறைக்கக் கையைத் தூக்குவது இயல்பு. உள்ளங்கையிலோ முன்கையிலோ புகுந்த குண்டு அதைக் கடந்து நெஞ்சுக்குள் போயிருக்கலாம். கையைத் துளைத்து வேகம் குறைந்து தடுமாறிய குண்டு மறுபடி உடலில் நுழையும்போது துளை ஒழுங்கற்று, அகன்ற சிராய்ப்போடு இருக்கும். கையைத் தனிக் காயமாகவும் நெஞ்சைத் தனிக் காயமாகவும் எழுதினால், சுட்டது ஒரு முறையா இரண்டு முறையா என்ற கேள்விக்கு விடை கைநழுவிப் போகும்.

இனி அளவு. 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியை பார்க்லேண்ட் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சு விட வழி செய்ய, தொண்டையில் இருந்த சிறிய துளையின் வழியாகவே மருத்துவர்கள் மூச்சுக்குழலைத் திறந்தார்கள். உயிரைக் காக்கும் அவசரத்தில் அது நியாயமே. அன்று பிற்பகல் செய்தியாளர்களிடம், அந்தத் துளை குண்டு நுழைந்த இடம்போலத் தோன்றியதாகச் சொல்லப்பட்டது. அன்றிரவு பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் கூறாய்வு செய்தவர்கள் கண்டது அறுவைக் கீறலை மட்டுமே. அதனடியில் ஒரு குண்டுத்துளை இருந்தது என்பது மறுநாள் காலை பார்க்லேண்டுக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மேல்முதுகுத் துளையை அவர்கள் வலது தோள்நுனியிலிருந்து 14 சென்டிமீட்டர், வலது காதின் பின்னெலும்பு நுனியிலிருந்து 14 சென்டிமீட்டர் கீழே என்று அளந்தார்கள். தலையைத் திருப்பினால் காதெலும்பு நகரும், கையைத் தூக்கினால் தோள்நுனி நகரும். இரண்டும் அசையும் புள்ளிகள். உடல் வரைபடத்தில் வைத்த புள்ளியோ அந்த அளவுக்குப் பொருந்தாமல் கீழே விழுந்தது. பின்னாளில் நாடாளுமன்றக் குழு அமைத்த தடயவியல் மருத்துவர்கள் இந்தக் குறைகளைச் சுட்டிக்காட்டினார்கள். உலகமே உற்றுப் பார்த்த ஒரு கூறாய்வில் ஒரு துளையின் இடம் அறுபது ஆண்டாக வாதத்துக்கு உள்ளாகிறது.

அசையாத புள்ளிகளிலிருந்து அளக்க வேண்டும். இறந்தவர் என்றால் உச்சந்தலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், குதிகாலிலிருந்து எத்தனை, உடலின் நடுக்கோட்டிலிருந்து இடமோ வலமோ எத்தனை. குதிகால் அளவு ஏன் என்றால், நின்ற உயரத்தோடு ஒப்பிட அதுதான் உதவும். சிகிச்சையில் இருப்பவரிடம் குதிகாலிலிருந்து அளக்க நேரம் இருக்காது. மார்பெலும்பின் மேல்பள்ளத்திலிருந்தும் நடுக்கோட்டிலிருந்தும் இரண்டு அளவு போதும், பத்து விநாடி வேலை. மார்புக்காம்பையும் தொப்புளையும் துணைக்குறிப்பாக மட்டும் எழுதலாம். மார்பகம் படுக்கும்போது சரியும், பருத்த வயிற்றில் தொப்புள் இறங்கும். கை கால்களில் அருகிலுள்ள மூட்டிலிருந்து அளந்து, உள்ளங்கைகளை முன்நோக்கி வைத்த நிலையில் முன்புறமா பின்புறமா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் ஓர் எழுத்து. அது சுடப்பட்ட வரிசையைக் குறிக்காது என்பதைப் படிவத்திலேயே அச்சிடுங்கள். நீதிமன்றத்தில் "அ" என்ற காயமே முதலில் பட்டது என்று வாதாடிவிடுவார்கள்.

"நுழைந்த காயம்", "வெளியேறிய காயம்" என்ற சொற்களை அவசர சிகிச்சைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சிறியது நுழைவு, பெரியது வெளியேற்றம் என்பது பாடம் கேட்காத நம்பிக்கை. மண்டையோட்டின் மேல் துப்பாக்கி முனை ஒட்டியிருக்கச் சுட்டால், வாயு தோலுக்கடியில் புகுந்து நுழைந்த இடமே நட்சத்திரம்போலக் கிழிந்து பெரிதாகும். தோல் சுவரிலோ தரையிலோ இறுகிய இடைவாரிலோ அழுந்தியிருந்தால், வெளியேறும் துளையைச் சுற்றிலும் நுழைவுத் துளை போலவே சிராய்ப்பு வளையம் விழும். 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பல குண்டுகள் பாய்ந்தோ குண்டு வெளியேறியோ இறந்த 46 பேரின் சிகிச்சைக் குறிப்புகளைக் கூறாய்வு முடிவுகளோடு ஒப்பிட்டபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் காயங்களின் எண்ணிக்கையோ நுழைவும் வெளியேற்றமுமோ தவறாக எழுதப்பட்டிருந்தன. இதில் அவசர சிகிச்சை மருத்துவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடி இல்லாத ஒருவரின் முன்னால் நிற்பவரிடம், அவருக்குத் தேவையே இல்லாத முடிவைக் கேட்பது படிவத்தின் தவறு. அவர் எழுத வேண்டியது தோற்றத்தை: "வட்டத் துளை, 9 மில்லிமீட்டர், மேல் விளிம்பில் 3 மில்லிமீட்டர் சிராய்ப்பு, கரி இல்லை, சுற்றிலும் வெடிமருந்துப் புள்ளிகள் இல்லை." முடிவைக் கூறாய்வாளர் சொல்லட்டும்.

அறுவைக் கத்தியும் மார்புக் குழாயும் துளையின் வழியே போகாமல் இருந்தால் நல்லது. போகத்தான் வேண்டும் என்றால், அளவுகோலோடு ஒரு படம் எடுத்துவிட்டு, இந்தக் கீறலுக்குள் ஒரு துளை இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். உடையை வெட்டும்போது துளைகளை விட்டு விலகி வெட்டி, உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனிக் காகிதப் பையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். எடுத்த குண்டைப் பல் வைத்த இடுக்கியால் பிடித்தால், துப்பாக்கிக் குழல் அதன்மேல் பதித்த வரித்தடங்கள் கெடும். விரலாலோ ரப்பர் உறையிட்ட இடுக்கியாலோ எடுக்க வேண்டும், உலோகக் கிண்ணத்தில் போடக் கூடாது.

இடத்தை அளந்து எழுதுவதால் எல்லாம் தெரிந்துவிடாது. முதுகில் துளை என்றால் ஓடும்போது சுட்டார்கள் என்று உடனே எழுதிவிட முடியாது. எதிரே நிற்பவர் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் முதுகைத் திருப்பிவிட முடியும், விசையை அழுத்த முடிவெடுத்த பின்னும் அது நேரலாம். அதே போல் "இடுப்புக்குக் கீழேதான் சுட்டோம்" என்று சொல்லப்படும் இடங்களில், குனிந்தவரின் தலையும் இடுப்புயரத்தில் இருக்கும், தரையில் பட்டுத் தெறித்த குண்டும் மேலே ஏறும். எந்த நிலையில் உடல் இருந்திருந்தால் இந்தத் தடம் கிடைக்கும் என்ற கேள்விக்கு, சம்பவ இடத்தின் தடயங்களோடு சேர்த்துத்தான் விடை தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு அடிப்படையே அளவுதான். சட்டத்துக்குப் புறம்பானதாக இருக்கக்கூடிய சாவுகளை விசாரிப்பதற்கு ஐ.நா. 1991இல் தந்து 2016இல் திருத்திய மினசோட்டா நெறிமுறையும் உடல் வரைபடம், படங்கள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் வலியுறுத்துகிறது. அதன் கேள்விகள் இறந்தவருக்கு மட்டும் கேட்கப்படுகின்றன. சுடப்பட்டுப் பிழைத்தவரின் துளையோ தையலுக்குள் ஆறி, மூன்று மாதத்தில் ஒரு தழும்பாகச் சுருங்கிவிடுகிறது. அளக்க வேண்டிய நேரம் முதல் ஒரு மணி நேரம் மட்டுமே.

ஆகவே, புதிய படிவத்தில் இவை இருக்கட்டும். முன், பின், இட, வலப் பக்கம் நான்கும் வரைந்த உடல் படம் ஒரு முழுப் பக்கத்தில். உச்சந்தலை, உள்ளங்கை, பாதத்தின் அடி, பிறப்புறுப்புப் பகுதி தனித்தனியாகப் பெரிதாக்கி. கழுத்தடி, அக்குள், கவட்டை, பிட்டம், மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட பட்டை ஆகிய ஐந்துக்கும் சொந்தக் கட்டம். துளைக்கு ஒரு வரி: எழுத்து, இரண்டு அளவு, நீள அகலம் மில்லிமீட்டரில், விளிம்பின் தோற்றம். பின்னால் துளை, குண்டு, கூட்டுத்தொகை. "முதுகு பார்க்கப்பட்டது" என்பதற்கு நேரத்தோடு ஒரு கையொப்பம். நோயாளி இறந்தால் இதே தாள் உடலோடு பிணவறைக்குப் போக வேண்டும், கூறாய்வாளர் அதே எழுத்துகளைத் தொடர வேண்டும். கூறாய்வு முடிவின் ஒரு நகல், முதலில் சிகிச்சை செய்த குழுவுக்குத் திரும்பி வர வேண்டும். இப்போது வருவதில்லை. முதுகில் தவறவிட்ட துளையைப் பற்றி, அதைத் தவறவிட்டவர் அறியாமலே அடுத்த இரவுப் பணிக்குப் போகிறார்.

இந்த மாதிரிப் படிவத்தை வரைந்து வைத்திருக்கிறோம். நீங்கள் அழைத்தால் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

மதிப்புடன்,
காயச் சிகிச்சையிலும் உடற்கூறாய்விலும் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்